தம்பிக்கு ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, கம்யூனிட்டி காலேஜ்ல 65 ஆயிரம் கேக்கறாங்க, சேர்க்கலாமா?

அயனாவரம்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், திட்டாதீங்க. என் தம்பி +2 முடிச்சுட்டான், காமர்ஸ் க்ரூப், 71 பர்சன்ட். பி.காம் அப்ளிகேஷன் வாங்கி ஃபில் பண்ணி டிவி மேல வெச்சிருக்கு, அவன் அதைத் தொடக்கூட மாட்டேங்கறான், போனா ஃபயர் சர்வீஸ்தான்னு ஒத்தக் கால்ல நிக்கறான். ஏன்டான்னு கேட்டா வாய தொறக்க மாட்டான், ஆனா எனக்குத் தெரியும், 2015 வெள்ளத்தப்ப நாங்க ஜாபர்கான்பேட்டைல இருந்தோம், மொட்டை மாடில ஒரு ராத்திரி ஒரு பகல், அப்புறம் போட்டுல வந்த ஃபயர் சர்வீஸ் ஆளுங்கதான் எங்க ஆயாவ தோள்ல தூக்கி இறக்கினாங்க. அப்ப இவன் சின்னப் பையன். அன்னைலேந்து அந்த காக்கி யூனிஃபார்ம் மேல ஒரு இது.

இப்ப அவனே ஒரு கம்யூனிட்டி காலேஜ் கண்டுபிடிச்சு வந்திருக்கான். ஒரு வருஷ டிப்ளமோ, ஃபீஸ் 65 ஆயிரம், யூனிஃபார்ம் ஷூ எல்லாம் தனியா 6 ஆயிரம். போன் பண்ணி கேட்டேன், நூறு பர்சன்ட் ப்ளேஸ்மென்ட், கவர்மென்ட் ஃபயர் சர்வீஸ்ல இந்த சர்டிஃபிகேட்டுக்கு முன்னுரிமை, கல்ஃப் போனா ஸ்டார்ட்டிங்கே லட்ச ரூபா, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டினா 5 ஆயிரம் கம்மினு ஒருத்தர் மூச்சு விடாம பேசறாரு. எங்கப்பா ஆட்டோ ஓட்டறாரு, சீட்டு எடுத்துதான் கட்டணும். அவரு கம்யூனிட்டி காலேஜ்னு சொன்னதும் பீரோவுலேந்து கம்யூனிட்டி சர்டிஃபிகேட்ட எடுத்து வெச்சுட்டாரு, அந்த லட்சணத்துலதான் எங்களுக்கு இதப் பத்தி தெரியும். இதுல படிச்சவங்க, வேலைல இருக்கறவங்க யாராவது சொல்லுங்களேன்.

வெட்டிப்பேச்சு_வேலு:

வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டினா கம்மினா அது காலேஜ் இல்லக்கா, தி.நகர் ஆடித் தள்ளுபடி.

ரிட்டயர்டு_101:

ம்மா, நான் சென்னைல ஃபயர் சர்வீஸ்ல 31 வருஷம் ஓட்டி லீடிங் ஃபயர்மேனா ரிட்டயர் ஆனவன். போன்ல பேசினவரு முன்னுரிமைன்னு சொன்னாரு பாருங்க, அது பச்சப் பொய். ஃபயர்மேன் எடுக்கறது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், ரெண்டாம் நிலை காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூணுக்கும் ஒரே பரீட்சை. அவங்க கேக்கற படிப்பு பத்தாவது. பத்தாவதுதான்மா, உங்க தம்பி அதை ரெண்டு வருஷம் முன்னாடியே தாண்டிட்டான். தமிழ் தகுதித் தேர்வு 80 மார்க்குக்கு, அதுல 32 எடுத்தா போதும், எடுக்கலன்னா மெயின் பேப்பர திருத்தவே மாட்டாங்க. மெயின் 70, உடல்தகுதி 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஸ்போர்ட்ஸ் சர்டிஃபிகேட்டுக்கு 6, மொத்தம் நூறு. இந்தக் கணக்குல டிப்ளமோவுக்கு அரை மார்க் எங்கயாவது இருக்கா, நீங்களே பாருங்க. செலக்ட் ஆனா தாம்பரத்துல துறையோட ட்ரெயினிங் சென்டர் இருக்கு, ஓஸ், ஓஸ் முனைல மாட்டற பிராஞ்ச், ஏணி, கயிறு எல்லாம் அங்க அவங்களே சொல்லிக் குடுப்பாங்க, அதுவும் சம்பளம் குடுத்து. சம்பளம் 18,200ல ஆரம்பிக்கற ஸ்கேல்.

அதனால பையன் இப்ப பார்க்க வேண்டியது சர்டிஃபிகேட்ட இல்ல, உடம்ப. உயரம் 170 சென்டிமீட்டர், எஸ்சி எஸ்டின்னா 167. நெஞ்சு 81, மூச்ச இழுத்தா 86 வரணும். 1500 மீட்டர் 7 நிமிஷத்துல ஓடணும். அப்புறம் கயிறு ஏறணும், நம்ம பசங்க நிறைய பேர் அங்கதான் கவுந்துடறாங்க, ஜிம்முக்குப் போய் கைய மட்டும் முறுக்கி வெச்சுக்கிட்டு தன்னோட உடம்ப தானே தூக்க முடியாம பாதில தொங்கிட்டு நிப்பானுங்க.

இன்னொண்ணு, அவன்கிட்ட வேலைய உள்ளது உள்ளபடி சொல்லுங்க. நம்ம ஊர்ல நெருப்புக்கு வர்ற போன விட மத்ததுக்கு வர்றதுதான் ஜாஸ்தி, நான் பார்த்த அளவுக்கு. பாம்பு, கிணத்துல விழுந்த மாடு, லிஃப்ட்ல மாட்டினவங்க, விரல்ல மோதிரம் மாட்டிக்கிட்ட கொழந்த, மழைன்னா மரம். சாக்கடைத் தொட்டிக்குள்ள இறங்கி எடுத்த பொணத்த எல்லாம் வீட்ல சொன்னதே கிடையாது. நெருப்புன்னு வந்தா அது வேற மாதிரி இருக்கும். 2017ல கொடுங்கையூர்ல சிப்ஸ் கடை, ராத்திரி நேரம், வெளிலேந்து பார்த்தா பெரிய நெருப்பே இல்ல, உள்ள சிலிண்டர் வெடிச்சு எங்க ஆளு ஒருத்தரு போயிட்டாரு, வேடிக்கை பார்க்க நின்ன ஜனங்களும் எத்தனையோ பேரு கருகினாங்க. ஏப்ரல் 14 ஊரெல்லாம் வருஷப் பிறப்பு, மாங்கா பச்சடி. எங்களுக்கு அன்னைக்கு காலைல மலர்வளையம் வெக்கற நாளு, 1944ல பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு செத்த 66 தீயணைப்பு வீரருக்காக. பயமுறுத்த சொல்லல. எனக்கு மறுபடியும் பதினெட்டு வயசு ஆனா திரும்பவும் இதுக்குத்தான் போவேன்.

மணலி_ஜெய்:

அக்கா நான் இந்த மாதிரி ஒரு கம்யூனிட்டி காலேஜ்லதான் படிச்சேன், பேரு வேணாம். ஐயா சொன்னது கரெக்ட், ஆனா கோர்ஸே வேஸ்ட்னு சொல்லிட முடியாது, அது எந்த வேலைக்கான கோர்ஸ்னு தெரிஞ்சு சேரணும். எனக்கு அது தெரியல.

ப்ளேஸ்மென்ட் குடுத்தாங்க, உண்மை. ஓஎம்ஆர்ல ஒரு ஐடி பார்க், கான்ட்ராக்டர் மூலமா, 12 மணி நேர ஷிஃப்ட், கைக்கு 11 ஆயிரத்து சொச்சம். பேட்ஜ்ல ஃபயர்மேன். வேலை என்னன்னா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ பம்ப் ரூம் போய் ப்ரஷர் மீட்டர் பார்த்து நோட்டுல எழுதறது, மாசத்துக்கு ஒரு வாட்டி எக்ஸ்டிங்குவிஷர் செக் பண்ணி அட்டைல கையெழுத்து, மீதி நேரம் பார்க்கிங்ல விசில். அம்மா ஊர்ல எல்லார்கிட்டயும் பையன் ஃபயர் சர்வீஸ்ல இருக்கான்னு சொல்லிட்டாங்க, பொங்கலுக்குப் போனா ஒருத்தர் வீட்டுக் கிணத்துல பூனை விழுந்துடுச்சுன்னு என்னைக் கூப்பிட வந்துட்டாரு.

நல்லதும் இருந்தது. எங்க இன்ஸ்ட்ரக்டர் சிஐஎஸ்எஃப், அதாவது மத்திய தொழில் பாதுகாப்புப் படையோட ஃபயர் விங்ல இருந்து வந்தவரு. முதுகுல மாட்டற மூச்சு சிலிண்டர் இருக்கு பாருங்க, 6 லிட்டர், 300 பார் ப்ரஷர், அப்ப உள்ள 1800 லிட்டர் காத்து, நிமிஷத்துக்கு 40 லிட்டர்னு போட்டா 45 நிமிஷம் வரணும். இது போர்டுல கணக்கு. அத மாட்டி இருட்டு ரூம்ல புகை போட்டு டம்மிய இழுத்துட்டு வாங்கடான்னு விட்டாரு, நான் பயத்துல மூச்சு வாங்குன வாங்குல 20 நிமிஷத்துலயே காத்து தீரப் போகுதுன்னு சிலிண்டர் விசில் அடிச்சுடுச்சு. அந்த ஒரு நாள்தான் நான் கட்டின ஃபீஸ்க்கு வசூல்னு இன்னைக்கும் சொல்வேன்.

ஆனா புக்கு எல்லாம் எங்கெங்கயோ இருந்து ஜெராக்ஸ். மணலில ஒரு கெமிக்கல் கம்பெனி இன்டர்வியூ, கிளாஸ் சி ஃபயர்னா என்னன்னு கேட்டாங்க, எலக்ட்ரிக்கல்னு டக்குனு சொன்னேன். கேட்டவர் சிரிச்சுட்டாரு. அது அமெரிக்கக் கணக்கு, நம்ம இந்தியன் ஸ்டாண்டர்டுல கிளாஸ் சின்னா கேஸ், எல்பிஜி மாதிரி. சமையல் எண்ணெய்க்கு அவங்க கிளாஸ் கேன்னு சொல்றத நாம கிளாஸ் எஃப்னு சொல்றோம். நான் யூட்யூப்ல அமெரிக்கன் வீடியோவா பார்த்து பார்த்து அதையே உரு போட்டிருக்கேன். கெமிக்கல் கம்பெனில போய் கேஸ் ஃபயர் என்ன கிளாஸ்னு தெரியலன்னா யாரு வேலை குடுப்பா, அன்னைக்கு அனுப்பிட்டாங்க. வேற ஒரு கம்பெனில இப்ப நாலு வருஷமா இருக்கேன், பரவால்ல.

அதனால வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி நேர்ல ஒருவாட்டி போங்க. ஆஃபீஸ் ரூம்ல உக்காந்து பேசாதீங்க, கிரவுண்ட காட்டச் சொல்லுங்க. ஓஸ் நனைஞ்சு காஞ்ச அடையாளம் இருக்கா, இல்ல கவர் பிரிக்காம ஷெல்ஃப்ல இருக்கான்னு பாருங்க. இன்ஸ்ட்ரக்டர் எந்த சர்வீஸ்ல இருந்தாருன்னு கேளுங்க. சர்டிஃபிகேட்ல கையெழுத்து போடறது யாருன்னு கேளுங்க, பல்கலைக்கழகமா, இல்ல அவங்களே வெச்சிருக்கற ட்ரஸ்டா. கம்யூனிட்டி காலேஜ், அதாவது சமுதாயக் கல்லூரிங்கறது நல்ல ஐடியாதான், மெட்ராஸ்ல 1990கள்லயே ஆரம்பிச்சது, படிப்ப விட்டவங்களுக்குக் கம்மி ஃபீஸ்ல கைத்தொழில் குடுக்கணும்னு. யுஜிசியும் 2013ல ஒரு ஸ்கீம் கொண்டு வந்தாங்க. அந்த நல்ல பேர வெச்சு போர்டு மாட்டிக்கறவங்களும் இருக்காங்க, அவ்ளோதான்.

ஒரகடம்_சேஃப்டி_மேடம்:

போன்ல சொன்ன கல்ஃப் கதைய மட்டும் நான் எடுத்துக்கறேன், ஏன்னா மாசத்துக்கு நாலு பசங்களாவது இந்த சர்டிஃபிகேட்ட எடுத்துட்டு எங்க ஃபேக்டரி கேட்டுக்கு வராங்க, திருப்பி அனுப்பவே மனசு கஷ்டமா இருக்கு. ஃபயர் வேற, சேஃப்டி வேற. கோர்ஸ் பேர்ல ரெண்டும் ஒட்டி இருக்கறதால ஒரே வேலைன்னு நினைச்சுக்கறாங்க.

சேஃப்டி ஆபீசர்ங்கறது சட்டத்துல இருக்கற போஸ்ட். ஃபேக்டரிஸ் ஆக்ட்ல 1000 தொழிலாளி இருந்தா கட்டாயம்னு இருந்தது, புது லேபர் கோட்ல 500ன்னு குறைச்சிருக்காங்க, ஆபத்தான தொழில்னா 250. அதுக்கு பெரும்பாலும் இன்ஜினியரிங் டிகிரியோ டிப்ளமோவோ வேணும், சில வருஷம் ஷாப் ஃப்ளோர் அனுபவம் வேணும், அதுக்கு மேலதான் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமோ. அது நம்ம தரமணில சர்தார் படேல் ரோட்ல இருக்கற ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட்ல ஒரு வருஷம் நடக்குது, சென்ட்ரல் கவர்மென்ட், நானும் அங்கதான் படிச்சேன். +2 முடிச்சதும் நேரா ஒரு வருஷ டிப்ளமோ படிச்சா சேஃப்டி ஆபீசர்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதிகபட்சம் சேஃப்டி ஸ்டீவர்டு, ஃபயர் வாட்ச், வெல்டிங் நடக்கற இடத்துல எக்ஸ்டிங்குவிஷரோட நிக்கற வேலை. கேவலமான வேலைன்னு சொல்லல, உயிரைக் காப்பாத்தற வேலைதான், ஆனா லட்ச ரூபா கிடையாது. கல்ஃப்க்கு எல்லாரும் நெபோஷ்னு ஓடறாங்க, அது இங்கிலாந்து சேஃப்டி சர்டிஃபிகேட், மதிப்பு உண்டு, ஆனா அனுபவமே இல்லாம அத மட்டும் வெச்சுக்கிட்டு ஏஜென்ட் ஆஃபீஸ் வாசல்ல நிக்கற பசங்கள எனக்கே தெரியும்.

தம்பிக்கு சேஃப்டி பக்கம் ஆசைன்னா பத்தாவது மார்க்க வெச்சு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேரலாம், மூணு வருஷம், கவர்மென்ட் பாலின்னா ஃபீஸ் இந்த 65 ஆயிரத்துல சின்னப் பங்கு கூட வராது. வயசு ஒண்ணும் போயிடல.

புரசைவாக்கம்_டு_டல்லாஸ்:

நான் இருக்கறது டெக்சாஸ். கம்யூனிட்டி காலேஜ்னு தலைப்பு பார்த்ததும் உள்ள வந்தேன், அமெரிக்கால அது வேற ரகம், 1901லேந்து இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் அப்படி ஒரு காலேஜோட ஃபயர் அகாடமிலதான் படிச்சான். பாதி படிப்பு நெருப்பு, பாதி படிப்பு ஆம்புலன்ஸ். ஃபயர்ஃபைட்டர் சர்டிஃபிகேட் தர்றது காலேஜ் இல்ல, மாநில கமிஷன் வெக்கற பரீட்சை, கூடவே இஎம்டி, அதாவது ஆம்புலன்ஸ் வேலைக்கான சர்டிஃபிகேட். ஏன்னா இங்க ஃபயர் இன்ஜினுக்கு வர்ற கால்ல பெரும்பகுதி நெஞ்சுவலி, மயக்கம், ஆக்சிடென்ட்தான். உடல்தகுதிக்கு சிபேட்னு ஒண்ணு நிறைய ஊர்ல வெக்கறாங்க, 50 பவுண்டு, அதாவது 22 கிலோக்கு மேல சட்டைய மாட்டிக்கிட்டு எட்டு ஐட்டம், 10 நிமிஷம் 20 செகண்டுக்குள்ள முடிக்கணும், முதல்ல வர்ற படிக்கட்டுக்கு இன்னும் 25 பவுண்டு ஏத்துவாங்க. அந்தப் பையன் முதல் வாட்டி படிக்கட்டுலயே உக்காந்துட்டான், கல்யாண சமையல்ல மூட்டை தூக்கற நம்மாளு ஒருத்தர விட்டா அசால்ட்டா ஏறுவாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

இதைப் படிக்க இங்க வரலாமான்னு அடுத்து யாராவது கேப்பீங்க. வேணாம். ஸ்டூடன்ட் விசால வந்து படிச்சாலும் நிறைய சிட்டி ஃபயர் டிபார்ட்மென்ட்ல சிட்டிசனாவோ கிரீன் கார்டோ இருந்தாதான் எடுப்பாங்க. அக்கா, தம்பிக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஃபர்ஸ்ட் எய்ட் கோர்ஸ் கொஞ்ச நாள்தான், செலவும் கம்மி. எந்தப் பக்கம் போனாலும் உதவும்.

கீர்த்தி_அம்மா:

நடுவுல கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. பொண்ணுங்க இதுல போக வழி இருக்கா? என் பொண்ணு பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம், அவளுக்கும் இந்த ஆசை.

ரிட்டயர்டு_101:

ஃபயர்மேன் போஸ்ட் இதுவரைக்கும் ஆம்பளைங்களுக்குத்தான் போட்டுட்டு வராங்கம்மா. ஆனா டிகிரி முடிச்சா டிஎன்பிஎஸ்சி க்ரூப் ஒன்ல மாவட்ட அலுவலர் போஸ்ட் இருக்கு, நேரா ஆபீசர். 2003ல பிரியா ரவிச்சந்திரன் மேடம், மீனாட்சி விஜயகுமார் மேடம் அப்படித்தான் வந்தாங்க, அப்ப நாட்டுலயே அந்தப் பதவில முதல் பொம்பளைங்க. 2012 ஜனவரில சேப்பாக்கம் எழிலகம் வளாகத்துல கலாஸ் மஹால் எரிஞ்சப்ப கூரை இடிஞ்சு விழுந்து எங்க ஸ்டேஷன் ஆபீசர் ஒருத்தர் இறந்தாரு, பிரியா மேடத்துக்கு உடம்பெல்லாம் தீக்காயம். ஆறி மறுபடி டியூட்டிக்கு வந்தாங்க. அதுக்கப்புறம் ஸ்டேஷன்ல எவனும் பொம்பள ஆபீசரான்னு வாயத் தொறக்கல. பொண்ண க்ரூப் ஒன்னுக்குப் படிக்கச் சொல்லுங்க.

அயனாவரம்_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வேலு அண்ணா உங்களுக்கும்தான். நேத்து அப்பா ஆட்டோலயே மூணு பேரும் போனோம். கிரவுண்ட காட்டுங்கன்னு கேட்டேன், ரினோவேஷன் நடக்குதுன்னாங்க. பரவால்ல ரினோவேஷனையே காட்டுங்கன்னேன். மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நாலு சிவப்பு பக்கெட், ஒரு ஓஸ், கவர் பிரிக்கல, மேல யாரோ துணி காயப் போட்டிருக்காங்க. சர்டிஃபிகேட் மாதிரி காட்டினாங்க, நீளமா ஒரு கவுன்சில் பேரு, எந்தப் பல்கலைக்கழகமும் இல்ல. தம்பி இறங்கி வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல, கீழ வந்து அப்பாகிட்ட வண்டிய எடுப்பான்னான்.

ஆனா வேற ஒரு பிரச்சனை. ஐயா உயரம் சொன்னீங்கள்ல, வந்ததும் வராததுமா செவுத்துல நிக்க வெச்சு தலைல ஸ்கேல் வெச்சு அளந்தோம், 169. அப்பா அளந்தா 169, நான் அளந்தா 168 அரை. நாங்க பிசி. ராத்திரி சாப்பிடவே இல்ல அவன். சிஐஎஸ்எஃப் ஃபயர் பார்த்தா அதுக்கும் 170, போதாததுக்கு +2ல சயின்ஸ் வேணுமாம், இவன் காமர்ஸ்.

மணலி_ஜெய்:

அக்கா அவன சாப்பிடச் சொல்லுங்க. ஏர்போர்ட் அத்தாரிட்டி பார்த்தீங்களா? ஜூனியர் அசிஸ்டென்ட் ஃபயர் சர்வீஸ். நம்ம சதர்ன் ரீஜனுக்குத் தனியா எடுப்பாங்க. +2 ரெகுலர்ல 50 பர்சன்ட், இவன் 71, காமர்ஸா சயின்ஸான்னு பிரச்சனை இல்ல. உயரம் 167. என் கூடப் படிச்சவன் ஒருத்தன் அதுல போய் இப்ப ரன்வே பக்கம் பெரிய மஞ்சள் வண்டி ஓட்டறான், எங்க பேட்ச்ல அவன்தான் பெரியாளு. அதுல முக்கியமான விஷயம் லைசென்ஸ். ஹெவி இருந்தா நல்லது, இல்லன்னா கார் ஓட்டற லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும். நிறைய பசங்க மார்க் எல்லாம் இருந்தும் லைசென்ஸ் தேதி பத்தாம வெளிய நிக்கறாங்க. 18 ஆயிடுச்சுன்னா நாளைக்கே எல்எல்ஆர் போடச் சொல்லுங்க. ஹெவிக்கு 20 வயசு ஆகணும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமும் ஆகணும். ரிஃபைனரில ஃபயர் வேலைக்கும் ஹெவி கேப்பாங்க, அங்க நாக்பூர் நேஷனல் ஃபயர் சர்வீஸ் காலேஜ்ல நடக்கற சப் ஆபீசர் கோர்ஸோ அதுக்குச் சமமானதோ வேணும். 1956லேந்து இருக்கற சென்ட்ரல் கவர்மென்ட் காலேஜ் அது. ஃபயர் படிப்புக்குன்னு துட்டு செலவு பண்ணணும்னா அங்க பண்ணலாம், மொட்டை மாடில இல்ல.

வெட்டிப்பேச்சு_வேலு:

ஆட்டோக்காரர் புள்ளைக்கு லைசென்ஸ் எடுக்கறது எல்லாம் ஒரு மேட்டரா, அப்பாவே எட்டு போடச் சொல்லிக் குடுத்துடுவாரு.

ரிட்டயர்டு_101:

ம்மா, 169ன்னு ராத்திரி அளந்தீங்களா காலைல அளந்தீங்களா? நாள் பூரா நடந்து உக்காந்து முதுகெலும்பு அமுங்கி மனுஷன் சாயந்திரம் ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் குள்ளமாத்தான் இருப்பான். காலைல எழுந்ததும், செருப்பில்லாம, குதிகால், முதுகு, தலை மூணும் செவுத்துல ஒட்டி நிக்க வெச்சு, ஸ்கேல் வேணாம், ஒரு கெட்டி அட்டை நோட்ட தலைல படுக்க வெச்சுக் கோடு போட்டு டேப்ல அளங்க. பதினெட்டுதான ஆகுது, இன்னும் கொஞ்சம் வளர்ற பசங்களும் உண்டு. பிசிக்கு 28 வயசு வரைக்கும் எழுதலாம், அவசரம் ஒண்ணும் இல்ல. பி.காம் அப்ளிகேஷன தூக்கிப் போட்டுடாதீங்க, டிகிரி இருந்தா ஸ்டேஷன் ஆபீசர் பரீட்சை இருக்கு, அது 36,900ல ஆரம்பிக்கற ஸ்கேல். காலேஜ்ல என்.சி.சி. சேரச் சொல்லுங்க. தினம் காலைல 1500 ஓட விடுங்க, உங்க பக்கம் ஐ.சி.எஃப். கிரவுண்ட் இருக்குமே.

அயனாவரம்_அக்கா:

காலைல அஞ்சரைக்கு எழுப்பி அளந்தோம் ஐயா. 169 முக்கால். எல்எல்ஆர்க்கு அப்பா கூடக் கிளம்பிட்டான், பி.காம் அப்ளிகேஷன அவனே எடுத்து பைல வெச்சுக்கிட்டான்.